டான்சிங் ரோஸின் கால்கள்

பா. ரஞ்சித்தின் குத்துச்சண்டைப் படமான ‘சார்பட்டா பரம்பரை’யை மறுபடி பார்க்கும்போது டான்சிங் ரோஸின் கையை விட்டுவிட்டுக் காலை மட்டும் பாருங்கள். ஷபீர் கல்லரக்கல் அந்தச் சண்டையில் ஒரு இடத்தில் நிற்பதே இல்லை. ஒரு கால் தரையில் படியும் முன்பே மற்றது கிளம்பிவிடுகிறது. இடுப்பு ஒரு பக்கம் போனால் தலை எதிர்ப் பக்கம் போகிறது. தற்காப்புக்கு உயர வேண்டிய கைகள் கீழே தொங்க, ‘முடிஞ்சா அடி’ என்கிற மாதிரி முகம் மட்டும் முன்னால் வருகிறது. எதிரே ஆர்யாவின் கபிலன் காலை ஊன்றி நின்று, இந்த ஆளின் கணக்கு என்ன என்று தேடிக்கொண்டிருக்கிறான். இங்கிலாந்தின் குத்துச்சண்டை வீரர் நசீம் ஹமீதை மனதில் வைத்து உருவான பாத்திரம் இது. ஆனால் அந்தத் துள்ளலில் இருக்கும் திமிர் ராயபுரம், காசிமேடு பக்கத்துக் கானாக் கச்சேரிகளில் வளர்ந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ரோஸ் தலையைச் சாய்த்து ஒரு குத்தைத் தவிர்க்கிற இடத்தில் படத்தை நிறுத்திப் பாருங்கள். முகம் இருக்காது. கண், மூக்கு, வாய் எல்லாம் கலைந்து, பழுப்பில் ஒரு தீற்றல்தான் இருக்கும். க்ளவுஸ் வந்த வழியில் நீளமாக ஓர் இழுவல். ஒளிப்பதிவாளர் ஜி. முரளி கைதவறி விட்ட குறை அல்ல அது. சினிமாவில் வேகம் என்பதே அந்தத் தீற்றல்தான்.

கணக்கு எளிது. சினிமா ஓடுவது வினாடிக்கு 24 பிரேமில். வழக்கமான ஷட்டரில் ஒவ்வொரு பிரேமுக்கும் வெளிச்சம் விழுவது வினாடியில் 48-ல் ஒரு பங்கு. மீதிப் பாதி நேரம் கேமரா கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது. கால் வினாடியில் போய் விழும் ஒரு குத்துக்கு ஆறே ஆறு படம். ஆறும் கலங்கலாக இருக்கும், அவற்றுக்கு நடுவே எதுவுமே பதிவாகாத இடைவெளிகள். அந்த இடைவெளியில்தான் குத்து விழுகிறது. கை கிளம்பியதைப் பார்க்கிறோம், தாடை திரும்பியதைப் பார்க்கிறோம், பட்ட கணத்தை நம் மூளை போட்டுக்கொள்கிறது. சந்தோஷ் நாராயணனின் இசையும் ‘தட்’ என்ற ஒலியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன.

இந்த 24 ஒன்றும் கலைஞர்கள் உட்கார்ந்து தேர்ந்தெடுத்த எண் அல்ல. மௌனப் படக் காலத்தில் கையால் சுற்றிய கேமராவின் வேகம் ஆளுக்கு ஆள் மாறியது. 1920-களின் கடைசியில் பேசும்படம் வந்தபோது ஒலிக்கு ஒரே சீரான வேகம் தேவைப்பட்டது. ஃபிலிம் செலவும் அதிகம் ஆகாமல், ஒலியும் கேட்கும்படி இருக்க 24 என்று நின்றது. கடைக்கணக்கில் பிறந்த எண். அதற்குள் நூறு வருடமாக நம் கண் குடியிருந்துவிட்டது.

‘சார்பட்டா’வுக்கு ஒரு தனி விதி. கொரோனா காலம், 2021 ஜூலை 22 அன்று அது நேராக அமேசான் பிரைமில் வந்தது. வடசென்னையின் கதையை வடசென்னைக்காரர்கள் தங்கள் தியேட்டர்களில் விசில் அடித்துப் பார்க்க முடியவில்லை. தண்டையார்பேட்டை அகஸ்தியா அதற்கு முந்தைய வருடமே மூடிவிட்டது. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இந்தப் படத்துக்கு ஆபரேட்டராக இருந்தது அவரவர் வீட்டு டிவிக்குள் இருக்கும் சிப்.

அந்த ஆபரேட்டர் சும்மா இருப்பதில்லை. புது டிவிகள் பலவற்றில் வாங்கும்போதே மோஷன் ஸ்மூத்திங் போட்டபடிதான் வரும். கம்பெனிக்கு ஒரு பெயர்: ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ, ஆட்டோ மோஷன் பிளஸ். அடுத்தடுத்த இரண்டு பிரேமை ஒப்பிட்டு, எது எங்கே நகர்ந்தது என்று ஊகித்து, நடுவில் தானாகப் படம் தயாரித்துச் செருகுவதுதான் அதன் வேலை. மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான ‘சார்பட்டா’வில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பிரேம். 120 ஹெர்ட்ஸ் டிவி ஒன்று முழு மூச்சாக இறங்கினால், தன் பங்குக்குப் பத்து லட்சம் பிரேம் சேர்த்துவிடும். பா. ரஞ்சித் எடுக்காத, செல்வா எடிட் செய்யாத பத்து லட்சம்.

விளைவை ரிங் கயிற்றில் பாருங்கள். குறுக்கே ஓடும் கயிறுகளுக்கு முன்னால் க்ளவுஸ் வேகமாகக் கடக்கும்போது, எது முன்னே எது பின்னே என்று சிப் தடுமாறும். கயிறு ஒரு கணம் வளையும், அல்லது அறுந்து ஒட்டும். க்ளவுஸைச் சுற்றி நீர் தளும்புகிற மாதிரி ஒரு வட்டம். இது சின்னக் கோளாறு. நல்ல சிப் வந்தால் சரியாகிவிடும். பெரிய கோளாறு, சரியாக வேலை செய்யும்போது வருவது. ரோஸின் கால் வழுக்கிக்கொண்டு போகும். துள்ளலில் இருந்த வெட்டு போய்விடும். எழுபதுகளின் மெட்ராஸ் பட்டென்று செட்டாகத் தெரியும், பெல்பாட்டம் வாடகை உடையாகத் தெரியும். பார்ப்பவர்களே “என்னப்பா, சீரியல் மாதிரி இருக்கு” என்பார்கள். ஆணி அடித்த மாதிரி சரியான தீர்ப்பு. நம் டிவி சீரியல்கள் வீடியோவில், வினாடிக்கு 50 அசைவுகளோடு வந்து பழகியவை. அந்த வழவழப்பைக் கண்டதும் மாமியார் எப்போது வருவார் என்று கண் எதிர்பார்க்கிறது.

நிஜமாகவே அதிக பிரேமில் எடுப்பது வேறு சங்கதி. அதில் ஊகம் இல்லை, ஒவ்வொரு படமும் கேமரா கண்டது. பீட்டர் ஜாக்சன் 2012-ல் ‘ஹாபிட்’டை 48-ல் கொடுத்தார், ஆங் லீ 2016-ல் 120-க்குப் போனார். ஒப்பனையையும் செட்டையும் காட்டிக்கொடுக்கிறது என்று பலர் முகம் சுளித்தார்கள். ஜேம்ஸ் கேமரூன் 2022 ‘அவதார்’ படத்தில் தண்ணீருக்கடியில் 48, பேச்சுக் காட்சிகளில் 24 என்கிற பாணியில் கலந்து பரிமாறினார். என் கட்சி கேமரூன் கட்சி. காசிமேட்டில் விடியலில் படகு இறங்குவதை ஆவணப்படமாக எடுப்பவர் 48-ல் எடுத்தால் நான் முதல் வரிசையில் இருப்பேன். அங்கே மீனின் ஒவ்வொரு துடிப்பும் வேண்டும். சண்டைக்கு வேண்டாம்.

கேரமுக்கும் வேண்டாம். ‘வட சென்னை’யில் தனுஷின் அன்பு கேரம் ஆட்டக்காரன். பலகையின் ஆடுதளம் 74 சென்டிமீட்டர் சதுரம். வினாடியில் ஆறில் ஒரு பங்கு நேரத்தில் ஸ்ட்ரைக்கர் அதைக் கடந்தால் சினிமாவுக்குக் கிடைப்பது நான்கு பிரேம். விரல் சுண்டியது தெரியும், காய் பையில் விழுந்த சத்தம் கேட்கும், நடுவில் வெள்ளையாக ஒரு கோடு. ராயபுரம் சந்துகளில் பலகைக்கு அருகே நின்று பார்த்தாலும் கண்ணுக்குக் கிடைப்பது ஏறத்தாழ அவ்வளவுதானே!

நம்மவர்கள் 24-ஐ மதித்தே வந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. பழைய சண்டைக் காட்சிகளை 24-க்குக் கொஞ்சம் குறைத்து எடுத்துவிட்டு 24-ல் ஓட்டுவார்கள், கத்தி பறக்கும். ஹீரோ நடந்து வர வேண்டும் என்றால் தலைகீழ்: கூட்டி எடுத்து 24-ல் ஓட்டினால் ஸ்லோமோஷன். ஆக, அதிக பிரேமைத் தமிழ் சினிமா வேறு எவரையும்விட அதிகம் செலவழித்தது கண்ணாடியைக் கழற்றி மாட்டுவதற்குத்தான்! ஆனால் அங்கே காலத்தை நீட்டுவதும் சுருக்குவதும் எடுத்தவரின் கையில் இருந்தது. கடையிலிருந்து வந்த பெட்டியின் கையில் இல்லை.

டாம் குரூஸ் 2018 டிசம்பரில் ‘டாப் கன்’ படப்பிடிப்பிலிருந்தே ஒரு வீடியோ போட்டு, டிவியில் மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த வருடம் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்று ஒன்று அறிவிக்கப்பட்டு, சில டிவிகளில் ஒரே பட்டனில் எல்லாம் அடங்கும்படி ஆனது. அது இல்லாத டிவியில் செட்டிங்ஸ், பிக்சர் என்று உள்ளே போய்த் தேடத்தான் வேண்டும். கிரிக்கெட் பார்க்கிறவர்கள் ஆட்சேபித்தால் மேட்சுக்கு மட்டும் திரும்பப் போட்டுக்கொள்ளட்டும். அணைத்தவுடன் ‘சார்பட்டா’ முதல் சில நிமிடம் லேசாகத் தடுக்குகிற மாதிரி இருக்கும். கபிலனின் பயிற்சியாளர் ரங்கன் வாத்தியார் கோபத்தில் ஒரு தடவை சத்தம் போடுவதற்குள் கண் பழகிவிடும்.