கழுவாத பாத்திரங்கள்

இலங்கை மலையகத்தின் டயகம போன்ற தேயிலைத் தோட்டங்களில் லயத்துக் கூரைமேல் நிற்கும் டிஷ் வழியாகச் சென்னையின் சமையல் நிகழ்ச்சிகள் காம்பராவுக்குள் வந்துவிடுகின்றன. இதைப் பற்றிப் படித்தவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை ஒன்று உண்டு. ரொட்டியும் சம்பலுமாகக் காலம் தள்ளும் வீட்டில் நெய்ச்சோற்றையும் இறால் வறுவலையும் காட்டுவது ஏக்கத்தை வளர்ப்பது என்பார்கள். இந்தக் குற்றச்சாட்டை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளவில் சுமார் 17 வீதம். தோட்டப்புறத்தில் சுமார் 32 வீதம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய உணவுப் பணவீக்கம் 95 வீதத்தை எட்டப் பார்த்தது. 2021இல் 1,000 ரூபாய்க்கு வந்த நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபாய் ஆனது. ஆனால் இந்தப் பசியை உண்டாக்கியவை சம்பளமும் விலைவாசியும். தொலைக்காட்சியை அணைத்துவிட்டால் சட்டியில் கறி கூடிவிடாது. மாளிகையில் நடக்கும் சினிமாவைத் தொழிலாளி பார்த்தால் யாரும் பதறுவதில்லை. மீன்குழம்பைப் பார்த்தால் மட்டும் அவருக்காகப் பதறுகிறோம். இல்லாதவர் எதைப் பார்த்து ரசிக்கலாம் என்று அடுத்தவர் அளந்துகொடுக்கும் இந்த இரக்கத்தில் மரியாதை இல்லை. சமையல் நிகழ்ச்சிகளிடம் குறை இருக்கிறது, பெரிய குறையே இருக்கிறது. அது அவை காட்டும் பண்டத்தில் இல்லை, அந்தப் பண்டத்துக்குப் பின்னால் இருக்கும் உழைப்பை மறைப்பதில் இருக்கிறது.

முதலில் ரசனையின் பக்கத்தைச் சரியாகச் சொல்லவேண்டும். சமையல் நிகழ்ச்சியை நிமிர்த்துவது அதை நடத்துகிறவரின் கையும் வாயும்தான். செஃப் தாமு எண்ணெய் காய்ந்த பதத்தைச் சொல்லும்போதும், ரேவதி சண்முகம் ஒரு குழம்பு எப்போது இறங்க வேண்டும் என்று நிதானமாக விளக்கும்போதும், அதுவரை பெயரில்லாமல் கிடந்த அறிவுக்குப் பேச்சு கிடைக்கிறது. நம் பெண்கள் தாயிடம் பார்த்துப் பழகியதை யாரும் அறிவு என்று மதித்ததில்லை. கடமை என்றுதான் மதித்தார்கள். அதே காரியத்தைத் திரையில் ஒருவர் காரணம் சொல்லிச் செய்கிறபோது, நாம் செய்வதும் ஒரு தொழில்நுட்பம்தான் என்ற எண்ணம் பார்ப்பவருக்கு வருகிறது. கொழுந்தில் எது பறிக்கக்கூடியது, எது முற்றியது என்று விரல் நுனியால் அறிகிற ஒருத்திக்கு இன்னொரு கையின் தேர்ச்சி உடனே புலப்படும். அவள் பார்ப்பது தட்டை மட்டுமல்ல, கையையும்தான். 1963இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பிரெஞ்சுச் சமையல் கற்பிக்க வந்த ஜூலியா சைல்டை இன்றும் நினைவுகூர்வதற்கும் இதுவே காரணம். உருளைக்கிழங்கு அடையைத் திருப்பும்போது பாதி அடுப்பு மேடையில் விழுந்தது. அதை எடுத்துச் சட்டியில் ஒட்டவைத்துவிட்டு அவர் பாடத்தைத் தொடர்ந்தார். வெட்டி எறிந்திருக்க வேண்டிய காட்சி என்று யாரும் இன்று சொல்வதில்லை. கை தவறும் என்பதை ஒப்புக்கொண்ட கற்பித்தலை மக்கள் நம்பினார்கள்.

இனிக் குறைக்கு வருவோம். வழக்கமான செய்முறை நிகழ்ச்சியில் வெங்காயம் ஏற்கெனவே நறுக்கிக் கிண்ணத்தில் இருக்கிறது, இஞ்சி பூண்டு அரைத்து இருக்கிறது, இறைச்சி கழுவி ஊறி இருக்கிறது. யார் நறுக்கினார், யார் கழுவினார் என்று நிகழ்ச்சி சொல்வதில்லை. முடிந்தபின் மேடையில் ஒரு பாத்திரமும் மிஞ்சுவதில்லை. டயகமத்து அடுப்படியில் சமையலின் பெரும்பகுதி இந்த மறைக்கப்பட்ட பகுதிதான். கவ்வாத்து மலையில் மிலாறு, அதாவது வெட்டிப்போட்ட தேயிலைக் கிளைகள், பொறுக்கிக் கட்டிச் சுமந்து வரவேண்டும். மழைக்காலத்தில் அது ஈரமாகவே புகையும். பீலியில் தண்ணீர் பிடிக்கவேண்டும். பெரட்டு என்னும் காலை ஆள்கணக்குக்கு முன் காலைச் சாப்பாடும் மதியத்துக்குக் கட்டும் சாப்பாடும் முடிந்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டாக வேண்டும். அந்திக்குக் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தவளை மறுபடி அதே அடுப்பு கூப்பிடும். இருபது நிமிடத்தில் முடிகிற சமையலைத் திரையில் பார்த்துவிட்டு, நம் வீட்டில் மட்டும் ஏன் இவ்வளவு நேரமாகிறது என்று ஓர் ஆண் கேட்டால், அந்தக் கேள்வியின் தவற்றில் பாதி நிகழ்ச்சியுடையது.

உழைப்பைக் காட்டுகிறதா, மறைக்கிறதா என்ற இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பெரிதும் புகழப்படுகிற நிகழ்ச்சிகள் வேறு வரிசையில் நிற்கின்றன. 2021 ஓகஸ்டில் சன் தொலைக்காட்சியில் விஜய் சேதுபதி தொகுத்த மாஸ்டர் செஃப் தமிழ், தேர்ச்சியைக் கடிகாரத்தோடு மோதவிட்டது. அங்கே நேரம் ஒரு பரீட்சை. வீட்டில் அது ஒரு சுமை. விஜய் டிவியில் 2019 நவம்பரில் தொடங்கிய, சமைப்பவரோடு ஒரு கோமாளியைச் சேர்த்துவிடும் குக் வித் கோமாளியைப் பலர் வெறும் கூத்து என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் மதிக்கத்தக்க ஒன்று தெரிகிறது. நறுக்கத் தெரியாத கோமாளி ஒருவர் வெங்காயத்தோடு மல்லுக்கட்டும்போது, கிண்ணத்துக்குள் ஒளிந்திருந்த அந்த வேலை முதன்முறையாக மேடைக்கு வருகிறது. தேங்காய் துருவுவது பழக வேண்டிய வேலை என்பது கோமாளிகளான புகழும் பாலாவும் படும் பாட்டில் விளங்குகிறது. சமைக்காத ஆண்கள் சமையலறையில் தடுமாறுவதைக் குடும்பமே சேர்ந்து பார்ப்பதும் சிறிய காரியமல்ல. அந்தத் தடுமாற்றம் சிரிப்போடு நின்றுவிடுவது அதன் எல்லை. எந்தக் கோமாளியும் பாத்திரம் கழுவி நாம் பார்ப்பதில்லை. நடுவர்கள்மீது மக்கள் வைத்த பற்றும் கவனிக்கத்தக்கது. நடுவர் வெங்கடேஷ் பட் 2024இல் குக் வித் கோமாளியிலிருந்து விலகி சன் தொலைக்காட்சியின் புதிய நிகழ்ச்சிக்குப் போனபோது எழுந்த பேச்சு, பார்ப்பவர்கள் பண்டத்தைவிட ஆளைத்தான் நாடுகிறார்கள் என்பதைக் காட்டியது. அப்படியானால் அந்த ஆளிடம் நாம் கூடுதலாகக் கேட்கலாம்.

கைபேசியில் யூடியூப் வழியாக ஓடும் வில்லேஜ் குக்கிங் சேனல் இந்த விஷயத்தில் தொலைக்காட்சியை மிஞ்சியது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் 2018இல் தொடங்கி, 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்ட அதில் கழுவுவதும் உரிப்பதும் அம்மியில் அரைப்பதும் முழுதாகத் தெரிகின்றன. உழைப்பே அங்கு காட்சி. ஆனால் அது வயல்வெளியில் ஆண்கள் கூடிச் செய்யும் ஊர்ச்சமையல். நாள்தோறும் தனியாக ஒரு பெண் செய்யும் சமையலுக்கு அந்தக் கொண்டாட்டம் இல்லை.

இது பொழுதுபோக்குத்தானே, களைத்து வந்தவருக்கு மறுபடி களைப்பையா காட்டுவது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். முழு உழைப்பையும் அப்படியே காட்டும்படி நான் கேட்கவில்லை; அது இருக்கிறது என்று தெரியும்படி விட்டால் போதும். அது சுவையைக் கெடுக்காது என்பதற்குச் சான்று 2021இல் கிடைத்தது. மாஸ்டர் செஃப் ஆஸ்திரேலியாவின் இறுதிப் போட்டியில் வங்காளதேச வேர்கொண்ட கிஷ்வர் சௌத்ரி, வங்காளத்து உழவர் உண்ணும் பாந்தா பாத்தை, நம் பழஞ்சோற்றின் உறவான நீர்ச்சோற்றை, நடுவர்முன் வைத்தார். அதைப் புகையூட்டி அழகுபடுத்தித்தான் வைத்தார். அந்த ஒப்பனை இல்லாமல் மேடை அதை ஏற்றிருக்குமா என்பது ஐயமே. ஆனாலும் அவர் மூன்றாமிடம் பெற்றபோது, உழைப்பவர் வீட்டு உணவுக்கும் சொல்ல ஒரு கதை உண்டு என்பதைப் பலர் கேட்டார்கள். நம் ரொட்டிக்கும் அப்படி ஒரு கதை உண்டு. அரிசியும் மாவும் தோட்டத்திலேயே கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்ட காலமும், பங்கீட்டின் காலமும், இறக்குமதிக் கோதுமையின் காலமும் சேர்ந்து செய்த உணவு அது. மாவை எவ்வளவு இறுக்கிப் பிசைந்தால் மதியம்வரை மலையில் விறைக்காமல் இருக்கும் என்பது கணக்கு. செத்தல் மிளகாயும் வெங்காயமும் மாசியும் இடித்த கட்டச் சம்பல் தேங்காய் இல்லாமலே முழுமை பெறுவது இன்னொரு கணக்கு. 2025 தொடக்கத்தில் தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தொட்டபோது அதன் அருமை எல்லாருக்கும் விளங்கியது.

விளம்பரதாரர் இதற்கு இடம் தரமாட்டார் என்பது கடைசித் தடை. மசாலாத்தூளும் மிக்சியும் விற்கிறவருக்கு அம்மியும் மிலாறும் தேவையில்லை. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் சென்னையின் விளம்பரக் கணக்குக்கு நாம் முழுதும் கட்டுப்பட்டவர்கள் அல்லர். சக்தி, வசந்தம், நேத்ரா ஆகிய அலைவரிசைகள் இந்த நாட்டில் தமிழில் ஒளிபரப்புகின்றன. நேத்ரா அரசுக்குச் சொந்தமான ரூபவாகினியின் பிள்ளை. நுவரெலியாவின் கரட்டும் லீக்ஸும் கோவாவும் விளையும் மண்ணில், அதே காய்கறியை மிலாறு அடுப்பில், எத்தனை ரூபாய்க்கு, எவ்வளவு நேரத்தில், யார் விறகு சுமக்க, யார் பாத்திரம் கழுவச் சமைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லும் வாரம் அரைமணி நேரத்தை அந்த அலைவரிசைகளிடம் கேட்பது அதிகமான கோரிக்கை அல்ல. அதை நடத்தச் சென்னையிலிருந்து பெயர்பெற்ற செஃப் வரவேண்டியதில்லை. கொழும்பு வீடுகளிலும் வளைகுடா நாட்டு வீடுகளிலும் வருடக்கணக்கில் பிறருக்குச் சமைத்துத் திரும்பிய பெண்கள் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். பல வீட்டுச் சமையலும் அறிந்த அவர்களிடம் ஒலிவாங்கியைக் கொடுக்கலாம்.