அந்தப் பெண்

இளங்கலை இரண்டாமாண்டு மாணவிகளுக்கு இதழியல் தமிழ் நடத்தும்போது ஒரு பயிற்சி கொடுப்பேன். சம்பவத்தின் விவரங்களைச் சொல்லிவிட்டு, செய்திக்குத் தலைப்பு எழுதச் சொல்வேன். இந்த முறை கொடுத்தது கன்சாஸ் சிட்டியில் நடந்தது. 2012 டிசம்பர் 1, சனிக்கிழமை காலை. அந்த ஊரின் சீஃப்ஸ் அணியில் அமெரிக்க ஃபுட்பால் ஆடிய ஜோவன் பெல்ச்சர், வயது 25, தன் வீட்டில் கசாண்ட்ரா பெர்கின்ஸை ஒன்பது முறை சுட்டான். அவளுக்கு வயது 22. அவர்களுடைய குழந்தைக்கு மூன்று மாதம். பிறகு காரை எடுத்துக்கொண்டு அணியின் பயிற்சிக் கூடத்துக்குப் போனான். பயிற்சியாளருக்கும் மேலாளருக்கும் நன்றி சொன்னான். அவர்கள் கண்ணெதிரே தன்னைச் சுட்டுக்கொண்டான்.

வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் எழுதியது: ‘காதலியைச் சுட்டுக்கொன்று ஃபுட்பால் வீரர் தற்கொலை.’ பிழையற்ற தலைப்பு. எந்த நாளிதழும் அப்படியே அச்சுக்கு அனுப்பும். எனக்குத்தான் அந்த ‘வீரர்’ உறுத்தியது. ஆங்கிலத்தில் அவன் வெறும் பிளேயர், ஆடுகிறவன். தமிழிலோ பந்தைத் தொட்டவனெல்லாம் வீரன். போர்க்களத்துச் சொல்லை மைதானத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். கொலை செய்த பிறகும் அந்தப் பட்டம் கழல்வதில்லை, மரியாதை விகுதி உட்பட. அவள் ‘காதலியை’, இரண்டாம் வேற்றுமை. வாக்கியத்தில் அவளுக்கு வேறு வேலை இல்லை, சுடப்படுவதைத் தவிர. (இந்தக் கட்டுரையில் அவனை ‘அவன்’ என்றே எழுதுகிறேன். அவளை ‘அவள்’ என்பது வேறு காரணத்தால், நெருக்கத்தால்.)

தலைப்பை விடுவோம், அது ஒற்றை வரி. அதற்குப் பின் அமெரிக்காவில் எழுந்த பெரிய விவாதத்தில் அவளுக்கு என்ன இடம் கிடைத்தது?

மறுநாளே சீஃப்ஸ் அணி தன் சொந்த மைதானத்தில் ஆடியது. தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் தோற்றிருந்த அணி அன்று 27-21 என்று வென்றது. அன்றிரவு வேறோர் ஆட்டத்தின் இடைவேளையில், என்பிசி தொலைக்காட்சியின் விளையாட்டு வர்ணனையாளர் பாப் காஸ்டஸ் துப்பாக்கிக் கலாச்சாரம் பற்றி ஒன்றரை நிமிடம் பேசினார். ஜேசன் விட்லாக் எழுதிய பத்தி ஒன்றை மேற்கோள் காட்டி முடித்தார். அதன் சாரம்: பெல்ச்சரிடம் துப்பாக்கி இல்லாதிருந்தால் அவரும் கசாண்ட்ரா பெர்கின்ஸும் இன்று உயிரோடு இருந்திருப்பார்கள்.

இதை இரண்டு முறை படித்துப் பாருங்கள். அவள் பெயர் வந்துவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் ஓர் ‘உம்’ வந்து சேர்ந்திருக்கிறது. அவரும் அவளும். கொன்றவனும் கொல்லப்பட்டவளும் ஒரே எழுவாய்க்குள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரே விபத்தில் போனவர்களைப் போல. குற்றவாளிக் கூண்டில் நிற்பது துப்பாக்கி மட்டும்.

துப்பாக்கி ஆதரவாளர்கள் கொதித்தார்கள். தேசிய ரைஃபிள் சங்கத்தின் வேய்ன் லாபியர் நாளிதழ் ஒன்றுக்குச் சொன்னது, அந்தப் பெண்ணிடம் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் அந்தக் கொலைகாரனிடமிருந்து தப்பித்திருப்பாள் என்பது. கொலைகாரன் என்று கூசாமல் சொன்னது இவர்தான் என்பது எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது. ஆனால் இவரிடம் அவள் வெறும் ‘அந்தப் பெண்’. பெயரில்லை. மூன்று மாதக் குழந்தைக்காரி இடுப்பில் பிள்ளையையும் கையில் துப்பாக்கியையும் வைத்துக்கொண்டு அவனுக்காகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாம் தரப்பு மூளையைப் பற்றிப் பேசியது. தலையோடு தலை மோதும் அந்த ஆட்டத்தில் மூளை சிதைவது உண்மை. பின்னாளில் அவன் உடலைத் தோண்டியெடுத்து மூளையைச் சோதித்தபோது சிதைவின் அடையாளங்கள் தென்பட்டதாகவும் செய்தி வந்தது. இருக்கட்டும். ஆனால் அடிபட்ட அந்த மூளை பயிற்சியாளருக்கு நன்றி சொல்லத் தெரிந்து வைத்திருந்தது. மேலாளரைச் சுடவில்லை. யாரைச் சுடலாம் என்கிற தெளிவு மட்டும் எந்த மோதலிலும் சிதையவில்லை.

இவ்வளவு தரப்புகளுக்கு நடுவே செய்திகளில் அவளைப் பற்றித் திரும்பத் திரும்ப வந்த தகவல் ஒன்று உண்டு. முந்தைய இரவு அவள் ஓர் இசை நிகழ்ச்சிக்குப் போய்விட்டு நள்ளிரவுக்குப் பின் வீடு திரும்பினாள். அதனால் சண்டையாம். அதே இரவில் அவன் வேறொரு பெண்ணைப் பார்க்கப் போயிருந்ததும் செய்தியில் வந்தது, ஆனால் காரணம் என்ற இடத்தில் அது வரவில்லை. ‘ஏன் லேட்டு?’ என்று வாசற்படியில் நின்று கேட்கும் குரல் நமக்குப் பழகிய குரல். அதைக் கண்டுகொள்ள அமெரிக்கா போக வேண்டியதில்லை.

துப்பாக்கி பொருட்டே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காஸ்டஸ் சொன்னதில் பாதி சரி. ஜாக்குலின் கேம்ப்பெல் தலைமையில் அமெரிக்காவின் 11 நகரங்களில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு, அடிக்கிற துணைவனின் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் அந்தப் பெண் கொல்லப்படும் வாய்ப்பு ஐந்து மடங்கு கூடுவதாகச் சொல்கிறது. குடும்ப வன்முறைக்குத் தண்டனை பெற்றவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று 1996 முதல் அங்கே சட்டமும் இருக்கிறது. சிக்கல் ‘தண்டனை பெற்றவன்’ என்பதில். தண்டனைக்கு முன் வழக்கு வேண்டும், வழக்குக்கு முன் புகார். ஒரு நட்சத்திர ஆட்டக்காரன்மீது யார் புகார் கொடுப்பது? கொடுத்தால் ஒப்பந்தம் போகும், வீடு போகும், குழந்தையின் சோறு போகும், ஊரே திரண்டு கைதட்டுகிறவனின் வாழ்க்கையைக் கெடுத்தவள் என்ற பெயர் மட்டும் வரும். அவர்களுக்குள் பிரச்சினை இருப்பது அணிக்குத் தெரிந்திருந்தது, ஆலோசனைக்கும் ஏற்பாடு செய்திருந்தார்கள். உடைந்த முழங்காலுக்குச் செய்வது போல, ஆட்டக்காரனை மறுபடி களத்தில் இறக்குவதற்கான ஏற்பாடு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மெய்ன் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் பெல்ச்சர் ஓர் அமைப்பில் உறுப்பினனாக இருந்தான். அமைப்பின் பெயரைத் தமிழில் சொன்னால், வன்முறைக்கு எதிரான ஆண் விளையாட்டு வீரர்கள்.

அவள் செத்து மூன்று மாதம்கூட முடியவில்லை. 2013 பிப்ரவரி 14 அதிகாலை, தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் பூட்டிய கழிப்பறைக் கதவின் வழியாக நான்கு முறை சுட்டான். உள்ளே இருந்தவள் ரீவா ஸ்டீன்காம்ப், சட்டம் படித்தவள், மாடல். திருடன் என்று நினைத்தேன் என்றான். ஒரு பெண் அலறியதைக் கேட்டதாக அக்கம்பக்கத்தார் சாட்சி சொன்னார்கள். பதற்றத்தில் பிஸ்டோரியஸ் கத்தினால் பெண் குரல் போலவே இருக்கும் என்றது எதிர்த்தரப்பு. கேட்டது அவன் குரல்தான் என்று 2014இல் விசாரணை நீதிபதியும் ஏற்றுக்கொண்டார். சாகும் நேரத்து அலறலைக்கூட அவனுக்கே எழுதிக்கொடுத்துவிட்டார்கள். இதற்கு மேல் ஒரு பெண்ணிடமிருந்து எதை எடுக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கொலை என்று திருத்தியது. சட்டப்படி சரியான தீர்ப்பு, மகிழ்ந்தேன். ஆனால் அதன் தர்க்கம் இப்படிப் போகிறது: கதவுக்குப் பின்னால் யார் இருந்திருந்தாலும், சுட்டால் சாவார் என்பது அவனுக்குத் தெரிந்தே இருந்தது, ஆகவே கொலை. யார் இருந்திருந்தாலும். ரீவாவுக்கு நீதி கிடைத்தது, அவள் ரீவாவாக இருக்க வேண்டிய அவசியமே இல்லாமல். அவனைக் கண்டு சில சமயம் பயமாக இருக்கிறது என்று அவனுக்கே அவள் அனுப்பியிருந்த செய்தி நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டது. காதலர்களுக்குள் இதெல்லாம் சகஜம் என்பதுபோல விசாரணை நீதிமன்றம் அதைக் கடந்து போயிருந்தது.

இதையெல்லாம் வகுப்பில் பேசிவிட்டு, தலைப்பை மாற்றி எழுதச் சொன்னேன். ‘கசாண்ட்ரா பெர்கின்ஸ் கொலை’ என்று தொடங்கினார்கள் பலர். கடைசி பெஞ்சில் ஒருத்தி பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

“இப்படிப் போட்டா யாரு மேம் படிப்பா? அவன் பிளேயர்ங்கறதாலதானே இந்த நியூஸ் இங்க வரைக்கும் வந்துச்சு. எங்க தெருவுல போன வருஷம் ஒரு அக்காவ அவ வீட்டுக்காரர் அருவாமனையால வெட்டிக் கொன்னாரு. உள்ளூர் பேப்பர்ல மூணு வரி. அதுலயும் பேரு தப்பு.”

சரியான பெயர் என்ன என்று கேட்டேன். சொன்னாள். கரும்பலகையில் எழுதச் சொன்னேன். எழுதினாள்.