கொலைவெறி யாருடையது?

நிறைவேறாத ஆசை பாட்டாவது தமிழுக்குப் புதிதன்று. ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் பெயரிட்டு, ஒத்த அன்பாகிய ஐந்திணையினின்று பிரித்து வைத்தார் தொல்காப்பியர். பனைமடற் குதிரையேறி, ஊரார் காணத் தெருவில் வரத் துணியும் தலைவனைத் திருக்குறளும் பாடுகிறது. அதுவும் பெண்ணை நெருக்கும் வழியே, ஐயமில்லை. ஆயினும் அவ்வதிகாரத்தின் பெயர் நாணுத்துறவுரைத்தல். துயர் தந்தவள் அவளே என முறையிட்டாலும், நாணும் ஆண்மையும் இழந்தவன் தானே என்று அவன் வாயாலேயே ஒப்புகிறான்.

இனி, 2011இல் உலகெங்கும் பரவிய ‘கொலைவெறி’ப் பாட்டை நோக்குவோம். ‘3’ என்னும் படத்துக்காக அனிருத் இசையில் தனுஷ் எழுதிப் பாடியது அது. அதன் வேடிக்கையை மறுப்பதற்கில்லை. ஆனால், கொலைவெறி ஏனென்று அவன் கேட்பது யாரை? தன்னை ஏலாத பெண்ணை! ஏலாமை ஒன்றே அவள் குற்றம். மதுவும் கண்ணீரும் அவனுக்கு, பழி அவளுக்கு. மறுமொழி கூற அவளுக்கு ஓர் அடியும் இல்லை.

நகைச்சுவைதானே என்பர். பாக்கார் ஆராங் கடைத்தெருவிலும் தோட்டத்து லயங்களிலும் பள்ளிப் பாடத்தினும் சினிமாப் பாட்டே எளிதில் மனத்தில் தங்குகிறது. ‘வேண்டாம்’ என்ற சொல்லைக் கொலையாகக் கேட்கப் பழகிய இளைஞனுக்குப் பழிவாங்குதல் நியாயமாய்த் தோன்ற நெடுநாள் செல்லாது.

நம்பிக்கை இழந்தவன் அழட்டும். அத்துயரம் கவிதைக்கு உரியதே. கைக்கிளையைக் கைக்கிளை என்று சொல்லும் பழைய நேர்மை மட்டும் நம் பாட்டாசிரியர்க்கு மீண்டும் வேண்டும்.