பதக்கம் வாங்காத மாணவனின் கதை

‘சிறப்புத் தேவையுடைய என் நண்பன்’ என்று ஒரு தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். முக்கால்வாசிக் கட்டுரைகள் ஒரே மாதிரிதான் வரும். முதல் பத்தியில் எல்லாரும் அவனைக் கேலி செய்வார்கள். நடுவில் அவனுக்கு ஓவியமோ நீச்சலோ நன்றாக வரும் என்று தெரியவரும். கடைசியில் அவன் பதக்கம் வாங்குவான். கேலி செய்தவர்கள் மன்னிப்புக் கேட்பார்கள். “ஏன் எல்லாரும் பதக்கம் கொடுக்கிறீங்க?” என்று என் வகுப்பில் கேட்டேன். “அவன் ஜெயிச்சாத்தானே டீச்சர் கதை முடியும்?” என்றாள் ஒரு மாணவி.

அவளைக் குறை சொல்ல முடியாது. நாம் வகுப்பில் போட்டுக் காட்டும் படங்களும் அப்படித்தான் முடிகின்றன. இரண்டை மட்டும் பார்ப்போம்.

2007-இல் வந்த இந்திப் படம் ‘தாரே ஜமீன் பர்’. டிஸ்லெக்சியா உள்ள எட்டு வயது இஷானின் கதை. 2013-இல் வந்த தமிழ்ப் படம் ‘ஹரிதாஸ்’. ஆட்டிசம் உள்ள சிறுவன், காவல்துறை அதிகாரியான அவன் தந்தை, அவனுக்குத் துணைநிற்கும் ஆசிரியை ஆகியோரின் கதை. இரண்டுமே நல்ல படங்கள். அனுதாபம் தேடாமல் பிள்ளையை நெருங்கிப் பார்த்த படங்கள். ஆனால், முதல் படம் ஓவியப் போட்டியில் இஷானுக்கு முதல் பரிசு கொடுக்கிறது. இரண்டாவது, ஓட்டப் பந்தயத்தை நோக்கி நகர்கிறது. திறமை வெளிப்பட்ட பிறகுதான் ஊர் அந்தப் பிள்ளையை ஏற்றுக்கொள்கிறது.

அப்படியானால், ஓவியமும் வராத, ஓட்டமும் வராத இஷான் என்ன ஆவான்?

இந்தக் கேள்வி சினிமாவோடு நிற்பதில்லை. தேர்வில் ஒரு மாணவனுக்குக் கூடுதல் நேரம் கிடைத்தால், “அவனுக்கு மட்டும் ஏன்?” என்ற முணுமுணுப்பு எழுகிறது. பதக்கம் வாங்கியவனை மெச்சப் பழகிய மனம், பதக்கமில்லாதவன் பெறும் உதவியைச் சலுகையாகப் பார்க்கிறது. சிங்கப்பூரில் மிதமான, கடுமையான சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளும் 2019 முதல் கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ் வருகிறார்கள். ‘உன்னிடம் என்ன திறமை இருக்கிறது?’ என்று சட்டம் கேட்பதில்லை. நம் கதைகள்தாம் கேட்கின்றன.

ஆசிரியர்களே, அந்தப் படங்களை மறுபடி காட்டும்போது இறுதிக் காட்சியைவிட நடுக்காட்சிகளில் நேரம் செலவழியுங்கள். ஆசிரியர் நிகும்ப் இஷானின் நோட்டுகளைப் புரட்டி, ஒரே வகைப் பிழை திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடிக்கிறார். மணலில் எழுத வைக்கிறார். படிக்கட்டில் ஏறி இறங்கிக் கணக்குப் போட வைக்கிறார். ‘ஹரிதாஸ்’ படத்திலோ தந்தை மகனோடு வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறார். உண்மையான ஆதரவு இந்த இடங்களில்தான் தெரிகிறது. யாரும் கைதட்டாத சின்னச் சின்ன வேலைகள் இவை.

இஷானின் நோட்டைப் பார்த்தது போல, நம் மாணவர்களின் தமிழ் நோட்டையும் பார்க்க வேண்டும். ‘கொ’ என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பு முதலில் வருகிறது; உச்சரிக்கும்போதோ ‘க்’ முதலில் வருகிறது. காது கேட்கும் வரிசை ஒன்று, கை எழுதும் வரிசை வேறு. இதோடு ண, ந, ன; ல, ள, ழ. வாசிப்பில் சிரமப்படும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய மலை! சிவப்பு மையில் இருபது வட்டம் போடுவதற்குமுன், பிழைகள் ஒரே வகையா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். கட்டுரையிலும் வாய்மொழித் தேர்விலும் ‘அவர்களுக்கு நாம் உதவவேண்டும்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். என்ன உதவி, யார் செய்தது, எந்த இடத்தில் பயன்பட்டது என்று சொல்லுங்கள். முக்கியமாக, அந்த நண்பனையும் பேச விடுங்கள். உங்கள் கருணையைக் காட்டுவதற்காக மட்டும் அவன் கதைக்குள் வரக்கூடாது. அவனுக்கும் கோபம் வரும், அவனும் ஜோக் அடிப்பான்.

போன மாதம் அதே தலைப்பைத் திரும்பக் கொடுத்தேன், பதக்கம் கூடாது என்ற நிபந்தனையோடு. ஒரு மாணவன் இப்படி முடித்திருந்தான்: நண்பன் கேள்வித்தாளைக் கடைசிவரை வாசித்து முடித்தான், இருவரும் கேன்டீனுக்குப் போனார்கள்.

கதை முடிந்துவிட்டது. நன்றாகவே முடிந்திருந்தது.