மூன்றாவது தந்தியைக் கேளுங்கள்

தாராவியில் கோயில் கொடை என்றால் ஒரு நாள் லைட் மியூசிக் உண்டு. அதில் எப்படியும் ‘இளைய நிலா’ வந்துவிடும். அங்கிருந்து மாட்டுங்கா பக்கம் போனால், கல்லூரி வாசலில் கிட்டாரோடு உட்கார்ந்திருக்கும் பையன் அதே மெட்டில் ‘நீலே நீலே அம்பர் பர்’ பாடுவான். 1982-இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்துக்கு இளையராஜா போட்ட மெட்டு அது. அடுத்த ஆண்டே கல்யாண்ஜி ஆனந்த்ஜி இசையமைத்த ‘கலாகார்’ படத்தில் கிஷோர் குமார் குரலில் இந்திக்கு வந்தது. மும்பையில் கிட்டார் எடுத்தவர் யாராக இருந்தாலும் அதை ஒருமுறையாவது வாசித்துப் பார்த்திருப்பார். இரண்டு மொழிக்காரர்களையும் முதலில் பிடித்து நிறுத்துவது தொடக்கத்தில் வரும் அந்தக் கிட்டார்தான். இளையராஜாவே கிட்டார்க்காரர், சலில் சௌத்ரியின் குழுவில் வாசித்தவர். அந்தக் கை தெரிகிறது.

அந்தத் தொடக்கத்தில் கேட்பதுபோல், கார்டின் சுரங்களை ஒரே வீச்சில் அடிக்காமல் ஒவ்வொன்றாக உதிர்ப்பதற்கு ஆர்பெஜியோ என்று பெயர். கேட்க இதமாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். அதோடு நின்றுவிட்டால் பாதிதான் கிடைக்கும். ஆர்பெஜியோவின் உயிர் ஒரு கார்டு இன்னொன்றாக மாறும் இடத்தில் இருக்கிறது. பாட்டு மைனர் கீயில் இருந்தால் அந்த இடம் இன்னும் நெஞ்சைத் தொடும்.

செம்பூரில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு பையன் தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் சாதகம் செய்கிறான். ஏ மைனர், டி மைனர், ஈ செவன், திரும்ப ஏ மைனர். ஆரம்பத்தில் கார்டு மாறும்போதெல்லாம் இடது கையை மொத்தமாகத் தூக்கி மொத்தமாக வைப்பான். நடுவில் ஒரு பள்ளம் விழும். பல வாரம் அப்படியே போனது. பிறகு ஒரு மாலை அந்தப் பள்ளத்தைக் காணவில்லை. மேலே போய்ப் பார்த்தேன். இந்த மூன்று கார்டுக்கும் அடிச்சுரம் விரல் வைக்காத வெறும் தந்தியிலேயே கிடைக்கிறது: ஐந்தாவது, நான்காவது, ஆறாவது. வலது கைக் கட்டைவிரல் அதை மீட்டும் நேரத்துக்குள் இடது கை விரல்கள் எது முதலில் தேவையோ அந்த வரிசையில் ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்தன. அவசரமே இல்லை. மெட்ரோனோமை மிக மெதுவாக வைத்துப் பழகியதன் பலன் அது. பழகுகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்: வேகம் தானாக வரும், பள்ளத்தை மட்டும் மூடுங்கள்.

கேட்கிறவர் எங்கே காதை வைப்பது? மூன்றாவது தந்தியில். ஏ-வை ஆதார ஷட்ஜமாக எடுத்துக்கொண்டால், அந்த நான்கு கார்டுகளில் மூன்றாவது தந்தி சொல்வது ச, ச, நி, ச. அவ்வளவுதான். அந்த நி காகலி நிஷாதம். ஷட்ஜத்துக்கு ஒரே ஃபிரெட் கீழே நின்று தவிக்கிறது. கடைசி ஏ மைனர் வந்ததும் வீடு சேர்கிறது. அதே நேரம் முதல் தந்தியில் ப, த, ப, ப என்று ஒரு பெருமூச்சு. மூன்று கார்டின் சுரங்களையும் கூட்டிப் பாருங்கள், கீரவாணி வந்து நிற்கும். ஈ செவனுக்குப் பதில் ஈ மைனர் வைத்தால் மூன்றாவது தந்தி கைசிகி நிஷாதத்துக்கு இறங்கும், நடபைரவி ஆகிவிடும். தவிப்பு குறைந்து ஒரு சமாதானம் வரும். இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எனக்குக் கீரவாணித் தவிப்புதான் பிடிக்கும்.

ஷண்முகானந்தாவிலும் செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸிலும் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்கள், “இதில் கமகம் இல்லையே” என்பார்கள். உண்மைதான். நம் இசையில் தம்புராவின் ஆதாரம் அசையாமல் நிற்க, சுரம் அதன்மேல் அசைகிறது. இங்கே சுரம் நிற்கிறது, அடியில் உள்ள தரை நகர்கிறது. முதல் கார்டில் கேட்ட அதே ச, டி மைனர் வந்ததும் அந்தக் கார்டின் பஞ்சமம் ஆகிவிடுகிறது. எஃப் மேஜர் வந்தால் அதன் காந்தாரம். தந்தியில் ஒலிப்பது அதே சுரம், மனத்தில் விழுவது வேறு. கிரகபேதம் செய்யும்போது சபையில் ஒரு சிலிர்ப்பு ஓடுமே, அதற்கு இது நெருங்கிய உறவு. கச்சேரி கேட்ட காதுக்கு இது புரியாமல் போகாது.

இன்று இரவு ஹெட்போன் போட்டுக்கொண்டு ‘இளைய நிலா’வை எடுங்கள். எஸ்.பி.பி. குரல் வருவதற்கு முன் உள்ள பகுதியை மட்டும் மூன்று முறை கேளுங்கள். முதல் முறை கட்டைவிரல் மீட்டும் அடிச்சுரத்தோடு போங்கள், இரண்டாம் முறை உச்சியில் ஒலிக்கும் தந்தியோடு. மூன்றாம் முறை, கார்டு மாறும்போது எந்தச் சுரம் நகராமல் நிற்கிறது என்று தேடுங்கள்.