மார்கோ ஃபான்டெய்ன்: இரண்டு படங்களும் ஒரு முதல் ராத்திரியும்

மார்கோ ஃபான்டெய்ன் பற்றி எதைப் படிக்க எடுத்தாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். 1962 பிப்ரவரி, லண்டன் கோவென்ட் கார்டன், 'ஜிசெல்' பாலே. அவருக்கு வயது 42. சோவியத்தை விட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத ருடால்ஃப் நூரியெவுக்கு 23. ஓய்வு பெற வேண்டிய வயதில் மறுபிறவி கிடைத்தது என்பது கதை. பொய்யில்லை. ஆனால் இதையே சொல்லிச் சொல்லி, அதற்கு முந்தைய கால் நூற்றாண்டை வெறும் முன்னுரை ஆக்கிவிட்டோம்.

அந்தக் கால் நூற்றாண்டு ஃப்ரெடரிக் ஆஷ்டனுடையது. பால் ஸின்னர் எடுத்து 1960இல் வந்த படத்தில் ஆஷ்டனின் 'ஒன்டீன்' இருக்கிறது. நீரிலிருந்து கரையேறும் பெண், முதல்முறையாகத் தன் நிழலைப் பார்க்கிறாள். தொட்டுப் பார்க்கிறாள், ஓடுகிறாள், அது கூடவே வருகிறது. அவ்வளவுதான் நடனம். கால் பெரிதாக உயர்வதில்லை, சுழற்சியில் சாகசம் கிடையாது. ஆனால் கழுத்து திரும்பும்போது தோளும் கையும் எங்கே போய் நிற்க வேண்டுமோ அங்கேயே நிற்கின்றன. இன்றைய ஆட்டக்காரர்களின் காதைத் தொடும் காலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். எனக்கும் இருந்தது. மூன்றாம் தடவை பார்த்தப்பதான் பிடிபட்டது.

அடுத்தது 1966இல் வந்த 'ரோமியோ ஜூலியட்' படம், நூரியெவுடன். இங்கேதான் எனக்குச் சங்கடம். கென்னத் மேக்மில்லன் அந்த ஜூலியட்டை உருவாக்கியது லின் சீமோரை வைத்து. ரோமியோவாக கிறிஸ்டோபர் கேபிள். ஒத்திகை அறையில் அந்த உடல்களிலிருந்து பிறந்த அசைவுகள் அவை. ஆனால் 1965 பிப்ரவரி 9, முதல் ராத்திரி ஃபான்டெய்னுக்கும் நூரியெவுக்கும் போனது. அமெரிக்கப் பயணம் வரப்போகிறது, டிக்கெட் விற்கிற பெயர் வேண்டும் என்ற கணக்கு. சீமோருக்கு அப்போது 25, ஃபான்டெய்னுக்கு 45.

படத்தில் ஃபான்டெய்ன் ஓடும் ஓட்டம் அற்புதம், அதை மறுக்க முடியாது. ஆனால் கல்லறைக் காட்சியைப் பாருங்கள். செத்த உடலை ரோமியோ இழுத்து ஆட வேண்டும், அது அசிங்கமாக, கனமாக இருக்க வேண்டிய இடம். இவர் உடம்பு அப்போதும் அழகு கலையாமல் இருக்கிறது. ஒன்டீனில் வரமாக இருந்த அதே ஒழுங்கு இங்கே குறுக்கே நிற்கிறது. கைதட்டலோ 43 தடவை திரை தூக்க வைத்ததாம்!

அவரைக் குற்றவாளி ஆக்குவதும் சுலபமில்லை. 1964 ஜூனில் கணவர் ராபர்டோ அரியாஸ் பனாமாவில் சுடப்பட்டு, கை கால் செயலற்றுப் போனார். அந்த முதல் ராத்திரிக்கு எட்டு மாசம் முன்னால் நடந்தது இது. மருத்துவச் செலவுக்காகவும்தான் அறுபதை நெருங்கும்வரை ஆடினார். பெரிய வேஷத்தை யார் வேண்டாம் என்பார்கள்? முடிவெடுத்தது கம்பெனி. ஆனால் மேக்மில்லன், சீமோர், கேபிள் மூன்று பேருமே அடுத்த சில வருஷத்துக்குள் அந்தக் கம்பெனியை விட்டுப் போனார்கள். கேபிள் பாலேயையே விட்டு நடிக்கப் போனார்.

ஃபான்டெய்னை எங்கே ஆரம்பிப்பது என்று யாராவது கேட்டால், நான் நிழல் நடனத்தைத்தான் காட்டுவேன். அதில் நூரியெவ் கிடையாது.