மலைகளின் அரசியாம்!

கோடை பிறந்ததும் நம் நாளேடுகள் ஒரு பட்டத்தைத் தூசு தட்டி எடுத்துவிடுகின்றன: ‘மலைகளின் அரசி’. முடியரசு ஒழிந்து குடியரசு மலர்ந்த நாட்டில் உதகை மட்டும் இன்னும் அரியணையிலிருந்து இறங்கவில்லை! அரசி என்றால் குடிகள் இருக்க வேண்டுமன்றோ? அந்தக் குடிகளைப் பற்றி ஒரு வரி தேடிப் பாருங்கள்.

‘பயணிகள் குவிந்தனர்’, ‘சீசன் களைகட்டியது’ என்பன நீங்கினால் மே மாதச் செய்தியில் எஞ்சுவது மலர்க் கண்காட்சியின் தேதிதான். மழை பெய்தால் ‘பயணிகள் ஏமாற்றம்’. கேரட்டும் உருளைக்கிழங்கும் விதைத்தவன் அம்மழையால் மகிழ்ந்தானா, அழுதானா? கேட்பாரில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டி, நிலம் சரிந்து உயிர்கள் மாண்டபோதுதான் அம்மலையில் மனிதரும் வாழ்கின்றனர் என்பது ஏடுகளின் நினைவுக்கு வந்தது.

இவற்றினும் கொடியது ‘கண்டுபிடித்தார்’ என்னும் சொல். கோவை ஆட்சித் தலைவர் ஜான் சலிவன் 1819இல் மலையேறினார். 1822இல் கல்வீடு கட்டத் தொடங்கினார். உண்மை. ஆனால் தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் படகரும் அதற்கு முன்பே அங்கு வாழ்ந்தனரே! ஆங்கிலேயன் எழுதிய ‘ஊட்டக்கமண்ட்’ என்னும் பெயரின் வாலிலேயே தோடரின் குடியிருப்பான ‘மந்து’ இருக்கிறது. அந்நிலம் தோடர்க்கு உரியது என்று கும்பினி அரசிடம் வாதாடியவரே சலிவன்தான். அவர் ஒப்புக்கொண்டதை நம் ஏடுகள் ஒப்பவில்லை!

‘ஆளில்லாக் காட்டைச் சலிவன் ஊராக்கினார்’ என்று என் மாணவனொருவன் கட்டுரை எழுதினான். சிவப்பு மையால் அடித்தேன். அவன் ஒரு நாளேட்டுத் துணுக்கை எடுத்து நீட்டினான். நான் யாரை அடிப்பது?

2024 மே 7 முதல், உயர்நீதிமன்ற ஆணைப்படி, மலையேறும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. மலையின் சாலையும் தண்ணீரும் இத்தனை வண்டிகளைத் தாங்குமா என்பதே கேள்வி. ஏடுகள் சில எழுதியதோ ‘கெடுபிடி’. வணிகரின் இழப்பு பொய்யன்று. எனினும் அச்சொல் வந்தவனின் வாய்ச்சொல், வாழ்பவனின் வாய்ச்சொல் அன்று.

தேயிலைத் தோட்டத்தைப் ‘பச்சைக் கம்பளம்’ என்கின்றனர். கம்பளத்தை நெய்தவர் யார்? 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையினின்று பெயர்க்கப்பட்ட தமிழர்க்கு வாழ்வளிக்கவே 1968இல் நம் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. அவர்களும் அவர்தம் மக்களும் பறித்த கொழுந்து அது. ஏட்டிலே கூடை சுமந்து நிற்கும் பெண்ணின் படம் வருகிறது. படத்தின் அடியில் அவள் பெயர் இல்லை. ‘ரம்மியமான காட்சி’ என்றிருக்கிறது.